தேசிய உடையின் உட்பக்கம்

ஸ்காட்லாந்து ஆண்களின் மடிப்புப் பாவாடையான கில்ட், நன்றாகத் தைத்ததாக ஒன்று கிடைத்தால் அதன் கீழ்விளிம்பைத் தடவிப் பாருங்கள். ஓரம் மடித்துத் தைத்திருக்காது. தறியில் விழுந்த கரையே அங்கே விளிம்பாக நிற்கும். பின்பக்கத்தில் 27 முதல் 30 மடிப்புகள் வரும்; ஒவ்வொரு மடிப்பிலும் துணி மூன்று அடுக்கு. ஓரத்தையும் மடித்தால் ஆறு அடுக்காகித் தடித்துப்போய், மடிப்புகள் நேராகத் தொங்காமல் குடைபோல விரிந்துகொள்ளும். அதனால் ஏறத்தாழ 140 முதல் 150 செ.மீ. அகலமுள்ள கம்பளித் துணியில் 4 கஜம் எடுத்து, நடுவில் நீளவாக்கில் இரண்டாக்கி, தலைப்போடு தலைப்பு இணைத்து 8 கஜம் ஆக்குவார்கள். இரண்டு பாதியிலும் ஒரு பக்கம் கரை இருக்கிறது. அது கீழே வரும். வெட்டுப்பட்ட பக்கம் இடுப்புப் பட்டிக்குள் மறைந்துவிடும்.

இந்த விளிம்பைப் பார்த்தாலே ஒன்று தெரிந்துவிடும்: இது ஆதிகாலத்து மலைநாட்டு உடையாக இருக்க முடியாது. அகலமான தறி வேண்டும், அளவெடுக்கும் தையல்காரர் வேண்டும், கம்பளியை அழுத்தி மடிப்பை நிறுத்தும் இஸ்திரிப்பெட்டி வேண்டும். ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலாந்தின் ஆண்கள் முன்பு உடுத்திய பெரிய கில்ட்டுக்கு இவை எதுவுமே தேவைப்படவில்லை. குறுகிய தறியில் நெய்த இரண்டு நீளத் துணிகளைப் பக்கவாட்டில் இணைத்துத் தைத்திருப்பார்கள். மொத்த நீளம் 4 அல்லது 5 கஜம். இடுப்பு வாரைத் தரையில் நீட்டிப்போட்டு, அதன்மேல் துணியை விரித்து, சேலைக்குக் கொசுவம் வைப்பதுபோல் கையாலேயே மடித்து, அதன்மேல் படுத்து, வாரை இழுத்துக் கட்டிக்கொண்டு எழுந்தால் உடை தயார். மேல்பாதியைத் தோளில் போட்டுக்கொள்ளலாம். இரவில் அவிழ்த்தால் அதுவே போர்வை. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேல்பாதி விடுபட்டுக் கீழ்ப்பாதி மட்டும் தனி உடையானது. மடிப்புகளைத் தைத்து நிலைநிறுத்தும் வழக்கம் அந்த நூற்றாண்டின் இறுதியில், ராணுவப் படைப்பிரிவுகள் வழியாகப் பரவியது.

ஒரு நாட்டின் தேசிய உடை என்று எதைக் காட்டினாலும் இப்படித்தான் அணுக வேண்டும் என்று நினைக்கிறேன். துணி எவ்வளவு அகலம், யார் நெய்தது, தையல் எங்கே விழுகிறது, யார் கட்டாயப்படுத்தினார்கள், யார் தடை செய்தார்கள் என்று கேட்டால், 'தொன்றுதொட்டு' என்று சொல்லப்படும் உடைகளில் பல 200 ஆண்டுக்குள் வந்துவிடும். அதனால் அவற்றின் மதிப்பு குறைந்துவிடாது. ஆனால் ஓர் உடை ஏன் ஒரு தேசத்தின் அடையாளமாகிறது, இன்னொன்று ஏன் ஆணையோடு ஆணையாகச் செத்துப்போகிறது என்பது அந்த விவரங்களில்தான் இருக்கிறது.

தடை வளர்த்த உடை

ஸ்டூவர்ட் வம்சத்தை மறுபடி அரியணையில் ஏற்ற ஹைலாந்துக்காரர் பலர் சேர்ந்த 1745 எழுச்சி தோற்ற பிறகு, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1746இல் இயற்றிய சட்டம் ஸ்காட்லாந்தில் ஆண்களும் சிறுவர்களும் ஹைலாந்து உடை அணியக்கூடாது என்றது. 1747 ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. முதல் முறை பிடிபட்டால் பிணையில்லாமல் 6 மாதச் சிறை. இரண்டாம் முறை பிடிபட்டால் 7 ஆண்டு நாடுகடத்தல். ஆனால் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது: அரசரின் படையில் இருப்பவர்கள் அணியலாம். அந்த ஒரு வரிதான் கில்ட்டின் தலையெழுத்தை மாற்றியது. ஊரில் அணிந்தால் குற்றம், படையில் அணிந்தால் சீருடை. கலகக்காரரின் உடை 35 ஆண்டுகளில் பேரரசின் வீரரின் உடையாகிவிட்டது. 1782இல் சட்டம் நீக்கப்பட்டபோது சாதாரண மக்கள் பெரும்பாலும் கால்சட்டைக்கு மாறியிருந்தார்கள். கில்ட்டுக்குத் திரும்பியவர்களில் வசதியானவர்களும் நகரத்துச் சங்கங்களும் முன்னால் நின்றார்கள்.

பிறகு 1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தார். ஏறத்தாழ 170 ஆண்டுகளில் ஸ்காட்லாந்துக்கு வந்த முதல் ஆளும் மன்னர். வரவேற்பை வடிவமைத்த எழுத்தாளர் வால்டர் ஸ்காட் ஊரையே டார்டன் என்ற கட்டத்துணியில் மூழ்கடித்தார்; அரசரும் அதையே உடுத்தினார். அதுவரை ஹைலாந்துக்காரரைத் திருடர்களாகப் பார்த்துவந்த தாழ்நிலத்து மக்களுக்கும் அந்த உடை ஒரே நாளில் 'நம்முடையது' ஆனது. அதே ஆண்டுகளில் ஹைலாந்தின் குடியானவர்கள் ஆட்டுப் பண்ணைகளுக்காக நிலத்திலிருந்து விரட்டப்பட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை இதோடு சேர்த்தே படிக்க வேண்டும். உடைக்கு மரியாதை கிடைத்த காலத்தில், அதை உடுத்தியவர்களுக்கு வீடு இல்லாமல் போனது.

குலத்துக்கு ஒரு டார்டன் என்பதும் இந்தக் காலத்துச் சரக்குதான். 1815இல் லண்டன் ஹைலாந்துச் சங்கம் குலத்தலைவர்களிடம் அவரவர் டார்டன் மாதிரியை அனுப்பச் சொன்னபோது, தங்கள் டார்டன் எது என்று திரும்பக் கேட்ட தலைவர்களும் இருந்தார்கள். பானாக்பர்னில் இருந்த வில்சன் நெசவு நிறுவனம் 1819இல் தொகுத்த மாதிரிப் புத்தகத்தில் 200க்கு மேற்பட்ட கட்டங்கள் இருந்தன. எண்ணாலும் ஊர்ப்பெயராலும் விற்ற கட்டங்கள் சில, பின்னர் குலப்பெயர் பெற்றன.

டார்டன் என்பது கட்டம் போட்ட கம்பளித் துணிதான், ஆனால் கணக்கு கறாரானது. எந்த நிறத்தில் எத்தனை இழை என்ற வரிசையே அதன் அடையாளம். பெரும்பாலான டார்டன்களில் அந்த வரிசை ஒரு நிறத்தில் திரும்பி, வந்த வழியே மறுபடி ஓடும். கில்ட் தைக்கும்போது ஒரு மடிப்புக்கு ஒரு சுற்று என்று எடுத்தால், மடித்த பின்னும் முழுக் கட்டம் பின்பக்கத்தில் தெரியும். இதில் பிசகுவது எங்கே என்றால், தறியில் குறுக்கிழையான ஊடையை அடிக்கும் வேகத்தில். அடிப்பு சீராக இல்லாமல் ஒரு சுற்றுக்கு 3 மி.மீ. கூடிப்போனால், 28 மடிப்பில் 8 செ.மீ.க்கு மேல் விலகிவிடும். அளவுநாடாவை நம்பி மடித்தால் கோடு ஒவ்வொரு மடிப்பிலும் கொஞ்சம் நகர்ந்து, முதுகுப்பக்கம் முழுவதும் சாய்ந்தாற்போல் தெரியும். தேர்ந்தவர்கள் நாடாவை ஓரமாக வைத்துவிட்டு இழையைப் பார்த்து மடிப்பார்கள்.

ஆணையில் பிறந்து ஆணையோடு போனவை

1778இல் சுவீடன் மன்னர் மூன்றாம் குஸ்தாவ் ஒரு தேசிய உடையை அறிமுகப்படுத்தினார். வெளிநாட்டு ஆடம்பரத் துணிக்குப் பணம் போவதைத் தடுப்பதும், மாறிக்கொண்டே இருக்கும் பிரெஞ்சு நாகரிகத்திலிருந்து மேல்தட்டை விலக்குவதும் நோக்கம். ஆண்களுக்குக் குட்டைச் சட்டை, இடைக்கச்சை, மேலங்கி. வழக்கமான நாளுக்குக் கறுப்பும் சிவப்பும், அரசவை விழாவுக்கு நீலமும் வெள்ளையும். நோக்கத்தில் பிழை சொல்ல முடியாது. ஆனால் அந்த உடை குடியானவருக்காக வெட்டப்பட்டதல்ல. நகரத்து மேல்தட்டுக்கு அது நாடகமேடை வேடம்போலத் தெரிந்தது. 1792இல் மன்னர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு ஆண்களின் உடை சீக்கிரமே காணாமல்போனது. பெண்களின் அரசவை உடையில், வெள்ளைக் கையின்மேல் கறுப்புப் பட்டை பின்னலிட்ட அந்தப் புடைத்த கை மட்டும் 20ஆம் நூற்றாண்டுவரை நீடித்தது.

ரஷ்யாவில் முதலாம் பீட்டர் செய்தது இதற்கு எதிர்த்திசை. 1698இல் ஐரோப்பாவிலிருந்து திரும்பியதும் பிரபுக்களின் தாடியை மழித்தார். 1700 முதல் ஹங்கேரி, ஜெர்மன் பாணி உடைக்கு ஆணைகள் வந்தன. 1705இல் தாடிக்கு வரி. பாதிரிமாருக்கும் கிராமத்துக் குடியானவருக்கும் விலக்கு. ஆணை நிறைவேறியது, ஆனால் ஒரே நாட்டுக்குள் இரண்டு தேசங்கள் உண்டாயின. மேலே குட்டைக்கோட்டும் மழித்த முகமும், கீழே நீண்ட அங்கியும் தாடியும். அடுத்த இரண்டு நூற்றாண்டு ரஷ்யச் சண்டைகளில் இந்த உடைப்பிளவு ஒரு கொடிபோலவே நின்றது.

ஃபெஸ் தொப்பியின் கதையைத்தான் இந்தப் பட்டியலிலேயே மிகப் பாடமுள்ளதாக நான் கருதுகிறேன். உதுமானியப் பேரரசில் தலைப்பாகையின் வடிவமும் நிறமும் மதத்தையும் பதவியையும் சொல்லிவிடும். பேரரசின் பழைய காலாட்படையான ஜானிசரிப் படையை 1826இல் ஒழித்த சுல்தான் இரண்டாம் மஹ்மூத், 1829இல் அதிகாரிகள் அனைவரும் ஃபெஸ் அணிய வேண்டும் என்றார். முஸ்லிம், கிறிஸ்தவர், யூதர் எல்லோருக்கும் ஒரே தொப்பி. விளிம்பு இல்லாததால் தொழுகையில் நெற்றி தரையைத் தொடத் தடையில்லை. புதுமைக்கும் மார்க்கத்துக்கும் ஒரே நேரத்தில் இடம் கொடுத்த வெட்டு அது. இஸ்தான்புல் கல்லறைத் தோட்டங்களில் இந்த ஆணையைக் கண்ணாலேயே பார்க்கலாம்: பழைய கற்களின் தலையில் தலைப்பாகை செதுக்கியிருக்கும், பிந்தைய கற்களில் ஃபெஸ்.

ஃபெஸ் செய்யும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். முதலில் கம்பளி நூலில் தலையைவிடப் பெரிதாக ஒரு பை பின்னப்படும். அதைச் சூடான சோப்புநீரில் நெடுநேரம் மிதித்து, கசக்கி, சுருங்க வைப்பார்கள். கம்பளி இழையின் மேலுள்ள செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு இழை தெரியாத கெட்டித்துணி ஆகும். பிறகு காய்ந்த முட்காய்களால் மேற்பரப்பைக் கிளறி மயிர் எழுப்பி, சிவப்பில் சாயமேற்றி, அச்சில் ஏற்றி உருவம் கொடுப்பார்கள். சுருக்கம் ஒரு பக்கம் கூடிப்போனால் அச்சில் ஏறாமல் கோணும். குறைந்துபோனால் முதல் மழையில் தொப்பி தொய்ந்து காதில் விழும். இந்தக் கைத்திறன் துனிசியாவில் இருந்தது. அங்கிருந்து கைவினைஞர்களை வரவழைத்து, 1830களில் இஸ்தான்புல்லில் அரசுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். ஆனாலும் சந்தையை மெல்ல ஆஸ்திரிய ஆலைகள் பிடித்துக்கொண்டன. 1908இல் ஆஸ்திரியா-ஹங்கேரி போஸ்னியாவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டபோது, இஸ்தான்புல் மக்கள் ஆஸ்திரியப் பொருள்களைப் புறக்கணித்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, தங்கள் தலையில் இருந்த தேசச் சின்னமே எதிரியின் ஆலையில் செய்தது என்று. ஃபெஸ்ஸைக் கழற்றிவிட்டு வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டார்கள்.

அடுத்த 17 ஆண்டில் முடிவு வந்தது. 1925 நவம்பர் 25 அன்று துருக்கிக் குடியரசின் தொப்பிச் சட்டம் ஃபெஸ்ஸைத் தடைசெய்து, விளிம்புள்ள தொப்பியைக் கொண்டுவந்தது. எர்சுரும், ரிஸே போன்ற ஊர்களில் எதிர்ப்பு எழுந்தது. தூக்குத் தண்டனைகளும் நடந்தன. 1829இல் புதுமை என்று தலையில் வைத்தது 96 ஆண்டில் பழமை என்று கழற்றப்பட்டது. தொப்பி மாறவே இல்லை, அதன் பொருள்தான் முழுவதுமாகத் திரும்பிக்கொண்டது.

2,000 கஜம்

கதருக்கு வருவோம். உடையை வைத்து ஒரு தேசத்தைக் கட்டியதில் இவ்வளவு திட்டமிட்ட முயற்சி வேறு இல்லை என்பது என் கருத்து. ஏனென்றால் காந்தி உடையின் வெட்டில் தொடங்கவில்லை, நூலில் தொடங்கினார். 1921 ஜூலை 31 அன்று பம்பாயில் வெளிநாட்டுத் துணி எரிக்கப்பட்டது. எரித்த பிறகு உடுத்த என்ன இருக்கிறது என்ற கேள்வி உடனே வந்தது. முழு உடைக்குக் கதர் வாங்கும் வசதி ஏழைகளுக்கு இல்லை. அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று மதுரையில் அவர் மேற்சட்டையை விட்டு முழங்கால் அளவுத் துணிக்கு மாறியது இதற்கான பதில்தான்: துணி போதாதென்றால் குறைவாக உடுத்துவோம், அதற்காக வெளிநாட்டுத் துணிக்குத் திரும்ப வேண்டாம்.

1924இல் காங்கிரஸ் அமைப்பில் இருப்பவர்கள் மாதம் 2,000 கஜம் நூல் நூற்றுக் கொடுக்க வேண்டும், தினமும் அரைமணி நேரமாவது ராட்டையில் உட்கார வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அந்த அளவின் பொருளைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பருத்தி நூலின் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை என்பதைச் சொல்லும். 20 நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டில் 16,800 கஜம். அப்படியானால் 2,000 கஜம் வெறும் 54 கிராம். சுமார் 350 கிராம் எடையுள்ள ஒரு வேட்டிக்கு ஏறத்தாழ 13,000 கஜம் வேண்டும். அதாவது ஒருவருடைய ஆறரை மாதப் பங்கு. அரைமணி நேரம் வீதம் மாதத்துக்கு 15 மணி நேரம் என்றால் மணிக்குச் சுமார் 133 கஜம் நூற்றால் போதும். புதிதாகப் பழகுபவரை மனத்தில் வைத்த அளவு இது. துணிப்பஞ்சத்தைத் தீர்க்க இது போதாது என்பது அன்றே எல்லோருக்கும் தெரியும். படித்தவர் கையும் நூற்கும் பெண்ணின் கையும் ஒரே வேலையைச் செய்ய வேண்டும் என்பதே அந்த 54 கிராமின் கனம். 1925இல் இந்த நிபந்தனை தளர்த்தப்பட்டது. நூற்கும் பணிக்கென்று அகில இந்திய நூற்போர் சங்கம் தனியாக உருவானது.

நடைமுறையில் எது உடைந்தது? பாவு. நெசவில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் இழுவிசையில் நிற்கும். ஒவ்வொரு அடிக்கும் அச்சுப் பற்களில் உரசும். கையால் நூற்ற நூலில் ஓரிடத்தில் முறுக்கு கூடிச் சுருண்டுகொள்ளும், இன்னோரிடத்தில் முறுக்கு குறைந்து பஞ்சு பிரியும். ஊடையாகப் போட்டால் இது தாங்கும். பாவாகக் கட்டினால் இழை அறுந்து நெசவாளரின் நாள் முழுவதும் முடிச்சுப் போடுவதிலேயே போய்விடும். கஞ்சி கெட்டியாகப் போட்டால் கொஞ்சம் நிற்கும், ஆனால் அளவு மீறினால் காய்ந்து நூல் முறியும். பஞ்சைச் சரியாகக் கொட்டித் திரி உருட்டாமல் ராட்டையை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. கட்டியும் தூசியும் உள்ள திரியிலிருந்து யார் நூற்றாலும் இப்படித்தான் வரும். இதனால் ஆலைநூலில் பாவும் கைநூலில் ஊடையும் போட்ட கலப்புத்துணி கதர் என்ற பெயரில் விற்கப்பட்டது. ஆலைகளே முரட்டுத் துணி நெய்து அதே பெயரைப் போட்டுக்கொண்டன. 1934இல் ஆங்கில அரசின் காலத்திலேயே, கையால் நூற்றுக் கையால் நெய்த துணிக்கு மட்டுமே கதர் என்ற பெயர் என்று சட்டம் வந்தது.

கருவியையும் மாற்றிப் பார்த்தார்கள். எளிதில் தூக்கிச் செல்லத்தக்க பெட்டி ராட்டை எரவாடா சிறையில் காந்தி இருந்த காலத்தில் செம்மைப்பட்டது. 1929இல் நல்ல ராட்டைக்கு 1 லட்சம் ரூபாய்ப் பரிசு அறிவிக்கப்பட்டது. பல கதிர்களை ஒரே நேரத்தில் ஓட்டும் அம்பர் ராட்டையை உருவாக்கியவர் திருநெல்வேலிப் பக்கத்து ஏகாம்பரநாதன். அவர் பெயரின் ஒரு துண்டுதான் அந்த 'அம்பர்'.

கதர் கடைசியில் தேசியக் கொடிக்குள் போய்ச் சேர்ந்தது. இந்தியக் கொடிக்கு நூலின் வலிமை, சாயத்தின் நிலைப்பு, தையல், சக்கரத்தின் 24 ஆரங்கள் என எல்லாவற்றுக்கும் தரநிர்ணயம் உண்டு. நீளமும் உயரமும் 3க்கு 2. ஒன்பது அளவுகளில் பெரியது 6,300 மி.மீ.க்கு 4,200 மி.மீ. 2021 டிசம்பர் 30 அன்று கொடி விதி திருத்தப்பட்டு, இயந்திரத்தில் நெய்த துணிக்கும் பாலியெஸ்டருக்கும் அனுமதி வந்தது. கொடி மலிவாகி வீடுதோறும் பறக்க முடிந்தது. ஆனால் நூற்ற கையைக் கொடியிலிருந்து எடுத்த பிறகு அந்தத் துணிக்கும் 1921க்கும் உள்ள இழை அறுந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

பிறர் நெய்து நமதாவது

தேசிய உடையின் துணி அந்தத் தேசத்தில் நெய்ததாக இருக்க வேண்டும் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். சோழமண்டலக் கரையின் கட்டத்துணி இந்த எதிர்பார்ப்பைத் தகர்த்துவிடும். பழவேற்காடு வழியாகவும் சென்னை வழியாகவும் கப்பலேறிய கைக்குட்டைத் துணி, ஐரோப்பிய வணிகர் கையில் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியனுக்கும் போனது. அடிமை வணிகத்தின் சரக்குகளில் இந்தியத் துணியும் ஒன்று என்பதை மறைக்கக்கூடாது.

நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்களுக்கு இந்தக் கட்டத்துணி 'இஞ்சிரி'. சாவுச்சடங்கிலும் பெண்களின் சடங்குகளிலும் அது இல்லாமல் முடியாது. வந்த துணியை வந்தபடியே அவர்கள் உடுத்திவிடுவதில்லை. ஊசியால் ஒரு சில இழைகளைத் தூக்கி, கூரான கத்தியால் வெட்டி, உருவி எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் வெளிர்நிற இழைகள்தான் போகும். கட்டத்தின் மேல் துளையும் நிழலுமாகப் புதிய உரு எழும்; துணி மென்மையாகி ஒளி ஊடுருவும். இதற்குப் 'பெலெட்டே பிட்டே' என்று பெயர், வெட்டிய துணி என்று பொருள். அளவு மீறி வெட்டினால் மீதி இழைக்குப் பிடிப்பில்லாமல் துணி நழுவிப் பிரிந்துவிடும். எவ்வளவு எடுக்கலாம் என்று தெரிவதுதான் கைத்திறன். நெய்தவர் தமிழ்க்கரையில், உருவாக்கியவர் கலபாரிப் பெண். இந்த உடை யாருடையது என்று கேட்டால் கலபாரியினருடையது என்று தயங்காமல் சொல்வேன்.

கரீபியனிலும் இதே. செயின்ட் லூசியா, டொமினிக்கா தீவுகளின் தேசிய உடையில் 'மெட்ராஸ்' என்றே பெயர்கொண்ட கட்டத்துணி பாவாடையாகவும் தலைக்கட்டாகவும் வருகிறது. தலைக்கட்டில் எத்தனை முனை எழுப்புகிறார்கள் என்பதை வைத்து அந்தப் பெண்ணின் மனம் யாருக்காவது கொடுக்கப்பட்டதா, இல்லையா என்று பொருள் சொல்வார்கள். கணக்கு தீவுக்குத் தீவு மாறும். தலையை மூடுவது பல இடங்களில் இழிவாகத் திணிக்கப்பட்டது. ஸ்பானிய ஆட்சியில் இருந்த லூசியானாவில் 1786இல் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் முடியை மூடித் துணி கட்ட வேண்டும் என்று ஆணை வந்தது. அவர்கள் மிக அழகிய துணியை எடுத்து, மிக உயரமாகக் கட்டினார்கள். கில்ட்டில் பார்த்ததேதான் இங்கும். தடுத்த இடத்தில் உடை வேர்விட்டது.

பெண்மீது ஏற்றிய சுமை

ஜப்பானில் 'வாஃபுக்கு', அதாவது ஜப்பானிய உடை என்ற சொல்லே மேற்கத்திய உடைக்குத் தனிப்பெயர் வைக்க வேண்டி வந்த பிறகுதான் பரவியது. அதுவரை கிமோனோ என்பது அணியும் பொருள், அவ்வளவே. 1872இல் அரசு விழாக்களில் ஆண் அதிகாரிகளுக்கு மேற்கத்திய உடை கட்டாயமானது. கிமோனோவைப் பெண்கள் தொடர்ந்தார்கள். ஏறத்தாழ 36 செ.மீ. அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள துணிச்சுருளை எட்டு நேர்த்துண்டுகளாக வெட்டி, எதையும் வீணாக்காமல் தைப்பது கிமோனோ. தையலை முழுவதும் பிரித்து, துண்டுகளை மறுபடி ஒரே சுருளாக இணைத்துத் துவைத்து, விறைப்பாக்கி, மீண்டும் தைக்கலாம். மங்கிய இடத்தை உள்ளே திருப்பிப் போடலாம். 1887இல் பேரரசியே பெண்களுக்கு மேற்கத்திய உடையைப் பரிந்துரைத்தபோது, உள்நாட்டுத் துணியில் தைத்துக்கொள்ளுங்கள் என்று சேர்த்துச் சொன்னார்.

பல நாடுகளில் இந்தப் பங்கீடு திரும்பத் திரும்ப வருகிறது. ஆண் அலுவலகத்துக்குக் கோட்டு போட்டுக்கொண்டு உலகத்தோடு சேர்ந்துகொள்கிறான். தேசத்தைச் சுமக்கும் வேலை பெண்ணின் உடைக்கு வந்துவிடுகிறது. அவள் எதை உடுத்துகிறாள் என்று கேள்வி கேட்கும் உரிமையும் ஊருக்கு வந்துவிடுகிறது. எனக்கு இது தேசிய உடை வரலாற்றின் மிக அநீதியான பகுதி.

தாய்லாந்தில் பிரதமர் ஃபிபுனின் ஆட்சி 1941இல் உடை பற்றிய ஆணையை வெளியிட்டு, பஞ்சகச்சம்போல் கட்டும் சோங்கிரபேனை விலக்கி, பெண்களுக்குப் பாவாடையும் தொப்பியும் என்றது. தொப்பி நாட்டை மகத்தான வல்லரசாக்கும் என்பது அப்போதைய முழக்கம். இருபதே ஆண்டில் காற்று திரும்பியது. 1960இல் ஐரோப்பா, அமெரிக்கப் பயணத்துக்காக அரசி சிரிகித் பழைய அரசவை உடைகளை ஆராயச் சொல்லி உருவாக்கிய எட்டுப் பாணிகள்தான் இன்று தாய் தேசிய உடை.

பூட்டானில் 1989 ஆணை இன்னும் கடுமையாக விழுந்தது. பொது இடங்களில் ஆண்களுக்கு கோ, பெண்களுக்கு கிரா கட்டாயம். கோ என்பது பாதம்வரை நீண்ட அங்கி. அதை முழங்கால்வரை தூக்கி இடைக்கச்சையால் இறுக்கினால் மார்பில் பெரிய பைபோல மடிப்பு விழும். மேலே போடும் துண்டின் நிறம் பதவியைச் சொல்லும்: மன்னருக்கும் தலைமைத் துறவிக்கும் காவி, சாதாரணக் குடிமகனுக்கு வெள்ளை. மலையின் குளிருக்கு வெட்டிய அந்தக் கனத்த உடை, தெற்கின் வெக்கையில் வாழ்ந்த நேபாளி பேசும் லோட்ஷம்பா மக்கள்மீதும் திணிக்கப்பட்டது. குடியுரிமைக் கெடுபிடிகளோடு சேர்ந்து இது வெடித்து, 1990களின் தொடக்கத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கிழக்கு நேபாளத்து முகாம்களுக்குப் போனார்கள். தேசிய உடையைப் பற்றி ஆசையாகப் பேசும் எவரும் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகக்கூடாது.

வயது பார்க்கும் முறை

பழைய உடை ஒன்று கையில் கிடைத்தால் முதலில் நிறத்தைப் பாருங்கள். பளிச்சென்ற ஊதா இருந்தால் அது பெரும்பாலும் 1856க்குப் பிந்தியது. அந்த ஆண்டில்தான் முதல் செயற்கைச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டது. நீலத்தை வைத்து மட்டும் முடிவுசெய்ய வேண்டாம். அவுரியின் நீலச்சாயமான நீலி, செயற்கையாக 1897இல் சந்தைக்கு வந்தாலும் இயற்கை நீலியும் அதுவும் வேதியியலில் ஒரே பொருள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. அடுத்து தையல். மேலும் கீழும் ஒரே மாதிரி ஓடும் இயந்திரத் தையல் 1850களுக்கு முன் இருப்பது மிக அரிது. உள்விளிம்பில், ஓரம் பிரியாமல் இயந்திரத்தில் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் ஓடியிருந்தால் 1880களுக்குப் பின். ஜிப் இருந்தால் 1930களுக்குப் பின் என்று கொள்ளலாம். ஆனால் ஜிப்பைச் சுற்றியுள்ள தையல் மற்ற தையலோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பிறகு வைத்துத் தைத்ததாக இருக்கலாம். ஓரத்தில் ஓர் இழையை உருவி எரித்தால் பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும், கம்பளியும் பட்டும் கருகிய மயிர் வாடை வீசும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். பாலியெஸ்டர் 1941க்கு முன் இல்லை.

கடைசியாக, உள்ளே விட்டுத் தைத்த துணி. நார்வேயின் தேசிய உடையான புனாட்டில் இது தாராளமாக இருக்கும். 1903இல் ஹுல்டா கார்போர்க் கிராமத்து உடைகளைத் தொகுத்து எழுதியதிலிருந்து வளர்ந்த மரபு அது. இரண்டு ஆண்டில் நார்வே சுவீடனிலிருந்து பிரிந்தது, உடை நார்வேயின் தேசிய நாளான மே 17 கொண்டாட்டத்தின் உடையானது. பதினைந்து வயதில் தைத்துக் கொடுக்கும் உடை வாழ்நாள் முழுவதும் உதவ வேண்டும் என்பதால் பக்கத்தையலில் நிறையத் துணி விடுவார்கள். உடல் பெருக்கும்போது பிரித்துவிட்டு மறுபடி தைப்பார்கள். பக்கத்தையலைத் திருப்பிப் பார்த்தால் பழைய தையல் ஓடிய துளைகள் வரிசையாகத் தெரியும். உள்ளே வெளிச்சம் படாத பகுதியில் சாயம் முதல் நாள் இருந்தபடியே இருக்கும். வெளியே மங்கிய நீலமாகத் தெரிவது அங்கே கறுப்பாகவே இருக்கலாம். ஒரு பழைய உடையைப் பார்த்து அதே நிறத்தில் புதிது நெய்யக் கொடுப்பதாக இருந்தால், மாதிரியை அந்த மடிப்புக்குள்ளிருந்து எடுங்கள்.